உட்கார்வு இடைவேளை அளவீடு

உட்கார்வு இடைவேளை அளவீடு என்பது, அலுவலகப் பணியாளர் போன்று இருக்கையில் அமர்ந்து தொழில் புரிவோர் எவ்வளவு நேரம் தொடர்ந்து அமர்ந்திருக்கின்றனர், இடையில் எத்தனை முறை எழுகின்றனர் என்பவற்றைக் கணக்கிடும் முறைகளைக் குறிக்கும். தொழில்சார் நலவியல், உடற்பயிற்சி அறிவியல், நோய்ப்பரவலியல் ஆகிய மூன்று துறைகளிலும் இது பயன்படுகின்றது. ஒருவர் உட்கார்ந்திருக்கும் மொத்த நேரம் மட்டுமன்றி, அந்நேரம் எவ்வாறு இடையிடையே முறிக்கப்படுகின்றது என்பதும் இரத்தக் குளுக்கோசு, இடுப்புச் சுற்றளவு முதலியவற்றோடு தொடர்புடையது என்னும் கருத்து 2008 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பரவியதால் இவ்வளவீடு முக்கியத்துவம் பெற்றது.

எழும் தடவைகளை எண்ணுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் எதை இடைவேளை எனக் கொள்வது, எந்தக் கருவியால் அதை அறிவது, பெற்ற தரவை எந்த எண்ணாகச் சுருக்குவது ஆகிய மூன்றும் முடிவை மாற்றக்கூடியவை. ஒரே பணியாளர் ஒரு முறையின்படி அடிக்கடி எழுபவராகவும், வேறொரு முறையின்படி மணிக்கணக்காக அசையாதிருப்பவராகவும் காட்டப்படலாம்.

வரைவிலக்கணம்

விழித்திருக்கும் வேளையில் அமர்ந்தோ, சாய்ந்தோ, படுத்தோ இருந்து, 1.5 வளர்சிதைமாற்ற அலகு அல்லது அதற்குக் குறைவான ஆற்றலைச் செலவிடும் எந்த நடத்தையும் உட்கார்வு நடத்தை எனப்படும். ஒரு வளர்சிதைமாற்ற அலகு என்பது அமைதியாக ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலாகும். இது உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆகும். இவ்வரைவிலக்கணத்தை உட்கார்வு நடத்தை ஆய்வாளர்களின் பன்னாட்டு வலையமைப்பு 2012 இல் முன்வைத்து, 2017 இல் விரிவாக்கியது.

இத்துறையில் இரண்டு சொற்கள் அடிப்படையானவை. இடையில் எழாமல் தொடர்ந்து அமர்ந்திருக்கும் ஒரு காலப்பகுதி உட்கார்வுத் தொடர் எனப்படும். இரண்டு உட்கார்வுத் தொடர்களுக்கு நடுவே, உட்காராத நிலையில் கழியும் காலப்பகுதி இடைவேளை எனப்படும். இங்கு இடைவேளை என்பது வேலையிலிருந்து ஓய்வு பெறுவதைக் குறிப்பதன்று. கோப்பு ஒன்றை எடுக்க எழுந்து அலமாரிக்குச் செல்வதும் இடைவேளையே. மாறாக, வேலையை நிறுத்திவிட்டு அதே நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்துவது, ஓய்வாக இருப்பினும், இவ்வரைவிலக்கணப்படி இடைவேளை ஆகாது.

வரலாறு

உட்கார்ந்து செய்யும் தொழில்கள் உடலைப் பாதிக்கும் என்ற கருத்து பழமையானது. தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியாகக் கருதப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ இரமசினி, 1700 இல் வெளியிட்ட நூலில் தையற்காரர், செருப்புத் தைப்போர் முதலிய இருந்து தொழில் செய்வோரின் நோய்களை விவரித்து, விடுமுறை நாட்களிலாவது அவர்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என அறிவுறுத்தினார்.

புள்ளியியல் அடிப்படையிலான ஆய்வுகளுள் புகழ்பெற்றது, பிரித்தானிய மருத்துவர் ஜெரமி மோரிஸ் தலைமையிலான குழு 1953 இல் வெளியிட்டதாகும். இலண்டன் போக்குவரத்துப் பணியாளர்களுள், நாள் முழுவதும் அமர்ந்திருந்த பேருந்து ஓட்டுநர்களை விட, ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் குறைவாக இருந்ததை அது காட்டியது. எனினும், சீருடை அளவுகளைக் கொண்டு 1956 இல் அதே ஆய்வாளர்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களுடையதை விடப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. தொழிலினால் மட்டுமே வேறுபாடு விளைந்தது எனக் கூறிவிட முடியாது என்பதை இது உணர்த்தியது.

இந்தியாவில் நடைபெற்ற ஒரு முன்னோடி ஆய்வும் 1956 இலேயே வெளியானது. ஊட்டச்சத்து அறிஞர் ஜீன் மேயரும் அவருடைய குழுவினரும் மேற்கு வங்காளத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களை ஆராய்ந்தனர். உட்கார்ந்தே இருந்த கடைக்காரர், மேற்பார்வையாளர், எழுத்தர் முதல் கடும் பாரம் சுமந்தோர் வரை பல தொழில்நிலையினர் இதில் அடங்குவர். உடலுழைப்பு குறைந்த அளவிலாவது இருந்தவர்களிடம் உழைப்புக்கு ஏற்ப உணவு கூடியது. முற்றிலும் அமர்ந்திருந்தோரிடமோ உழைப்புக் குறைந்தும் உணவு குறையவில்லை. அவர்களுடைய உடல் எடை மிகுந்திருந்தது.

இவ்வாய்வுகள் அனைத்திலும் தொழிலின் பெயரே அளவுகோலாக இருந்தது. ஓட்டுநர் என்றால் அமர்பவர், நடத்துநர் என்றால் நடப்பவர் எனக் கொள்ளப்பட்டது. ஒரே தொழிலில் உள்ள இருவருக்கு இடையேயான வேறுபாட்டை அறியத் தனிநபர் கருவிகள் தேவைப்பட்டன. 2005 இல் ஜேம்ஸ் லெவைன் குழுவினர், ஒல்லியான 10 பேரையும் ஓரளவு உடல் பருமன் உடைய 10 பேரையும் 10 நாட்கள் உணரிகள் அணியச் செய்து, அவர்களுடைய உடல்நிலையை ஒவ்வோர் அரை நொடிக்கும் பதிவு செய்தனர். பருமன் உடையோர் ஒல்லியானோரை விட நாளொன்றுக்கு 2 மணிநேரத்துக்கும் அதிகமாக அமர்ந்திருந்தனர்.

இடைவேளை என்பதையே தனி அளவாக எடுத்துக்கொண்ட ஆய்வு 2008 இல் வெளிவந்தது. ஆத்திரேலியாவின் செனவீவ் ஹீலி குழுவினர் 168 பேர் இடுப்பில் அணிந்த முடுக்கமானிகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். மொத்த உட்கார்வு நேரத்தைக் கணக்கில் கொண்ட பின்னரும், அதிக இடைவேளைகள் உடையோரிடம் இடுப்புச் சுற்றளவு, உடல் திணிவுச் சுட்டெண், முக்கிளிசரைடு, குளுக்கோசு அருந்தி 2 மணிநேரத்துக்குப் பிந்திய இரத்தக் குளுக்கோசு ஆகியவை குறைவாக இருந்தன.

அளவிடும் முறைகள்

வினாக்கொத்து

பணியாளரையே கேட்டறிவது மிகவும் மலிவான முறையாகும். 2012 இல் சரிபார்த்து வெளியிடப்பட்ட தொழில்சார் உட்கார்வு, உடலியக்க வினாக்கொத்து, கடந்த 7 நாட்களில் பணிநேரத்தின் எத்தனை விழுக்காடு அமர்ந்தும், நின்றும், நடந்தும், கடும் வேலை செய்தும் கழிந்தது எனக் கேட்கின்றது. அமர்ந்திருந்த மொத்த நேரத்தை மக்கள் ஓரளவு சரியாக நினைவுகூர்கின்றனர். எழுந்த தடவைகளை நினைவுகூர்வதோ கடினம். எழுதல் எண்ணிப் பார்க்காமல் நிகழும் பழக்கச் செயல் என்பதே இதற்குக் காரணம். பணியிட இடைவேளைகள் பற்றிய விடைகளைக் கருவிப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு வலுக்குறைந்ததாகவே காணப்பட்டது.

இடுப்பு முடுக்கமானி

இடுப்பில் அணியும் முடுக்கமானி உடலின் அசைவை நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை எனப் பதிவு செய்கின்றது. நிமிடத்துக்கு 100 எண்ணிக்கைக்குக் குறைந்தால் உட்கார்வு எனவும், 100 அல்லது அதற்கு மேற்பட்ட நிமிடம் இடையில் வந்தால் இடைவேளை எனவும் கொள்வது பெருவழக்கு. ஹீலியின் ஆய்விலும் இதுவே பின்பற்றப்பட்டது. இக்கருவி அசைவை அறியுமேயன்றி உடலின் நிலையை அறியாது. ஆகவே வங்கிக் கருமபீடத்தில் அசையாமல் நின்று பணியாற்றுபவர் உட்கார்ந்திருப்பவராகவே பதிவாவார்.

தொடைச் சாய்வுமானி

தொடையின் முன்புறத்தில் ஒட்டப்படும் சிறு கருவி, தொடை கிடைமட்டமாக உள்ளதா செங்குத்தாக உள்ளதா என்பதைக் கொண்டு அமர்வையும் நிற்றலையும் பிரித்தறிகின்றது. இசுக்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்ட ஆக்டிவ்பால் இவ்வகைக் கருவிகளுள் பெயர்பெற்றது. அமர்ந்தவர் எழும் ஒவ்வொரு தடவையும் நேரத்துடன் பதிவாவதால், இடைவேளைகளை எண்ணுவதில் இதனையே பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்புகின்றனர். நீர்புகா உறையுடன் ஒட்டினால் குளிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. நாற்காலியில் அமரும்போதும், தரையில் சம்மணமிட்டு அமரும்போதும், குந்தியிருக்கும்போதும் தொடை ஏறத்தாழக் கிடைமட்டமாகவே இருக்கும். ஆனால் குந்தியிருக்கையில் கால் தசைகள் நாற்காலியில் இருப்பதை விடக் கூடுதலாக இயங்குகின்றன. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. அம்மக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மணிநேரம் ஓய்ந்திருந்தும், அதில் ஒரு பகுதியைக் குந்தியும் மண்டியிட்டும் கழித்தனர். தரையில் அமரும் வழக்கமுடைய தமிழர் போன்ற சமூகங்களில் இக்கருவியைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கைக்கடிகாரமும் இருக்கை உணரியும்

2015 இல் அறிமுகமான ஆப்பிள் கைக்கடிகாரம் முதலாகப் பல கருவிகள், ஒரு மணிநேரத்தின் பெரும்பகுதி அமர்ந்தே கழிந்தால் அணிந்தவரை எழுமாறு நினைவூட்டுகின்றன. மணிக்கட்டில் உள்ள கருவி கையின் அசைவையே நேரடியாக அறிகின்றது. உடலின் நிலையை அதிலிருந்து ஊகிக்கின்றது. நாற்காலியின் இருக்கையில் பதிக்கும் அழுத்த உணரி, மேசையின் அடியில் பொருத்தும் வெப்ப உணரி ஆகியவை இருக்கை வெறுமையானதை அறிவிக்கும். எழுந்தவர் நடந்தாரா, அடுத்த அறையில் மற்றொரு நாற்காலியில் அமர்ந்தாரா என்பதை அவை அறிவிக்கமாட்டா.

கணக்கிடும் முறை

இடைவேளைகளின் எண்ணிக்கையை மட்டும் கூறுவது தவறான எண்ணத்தை ஏற்படுத்தலாம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ள ஓர் அலுவலகத்தில் நான்கு பணியாளர்கள் ஒரு நாள் அளவிடப்பட்டனர் எனக் கொள்வோம்.

முதலாமவர்: தலா 60 நிமிடம் கொண்ட 6 உட்கார்வுத் தொடர்கள். மொத்தம் 360 நிமிடம், இடைவேளைகள் 5.

இரண்டாமவர்: தலா 20 நிமிடம் கொண்ட 18 தொடர்கள். மொத்தம் 360 நிமிடம், இடைவேளைகள் 17.

மூன்றாமவர்: தலா 20 நிமிடம் கொண்ட 9 தொடர்கள். மொத்தம் 180 நிமிடம்; இடைவேளைகள் 8.

நான்காமவர்: தலா 10 நிமிடம் கொண்ட 17 தொடர்களும், 190 நிமிடம் கொண்ட ஒரு தொடரும். மொத்தம் 360 நிமிடம், இடைவேளைகள் 17.

முதல் இருவரின் மொத்த உட்கார்வு நேரம் ஒன்றே. எனவே மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பவர் அவர்களிடையே வேறுபாடு காணமாட்டார். இடைவேளைகளை மட்டும் எண்ணுபவருக்கோ மூன்றாமவர் இரண்டாமவரை விடப் பின்தங்கியவராகத் தோன்றுவார். உண்மையில் அவர் பாதி நேரமே அமர்ந்திருந்தார். அதனால் எழுவதற்கான வாய்ப்பும் குறைவு. இக்குறையை நீக்க, இடைவேளைகளின் எண்ணிக்கையை உட்கார்ந்த மணிநேரத்தால் வகுத்து இடைவேளை வீதம் கணிக்கப்படுகின்றது. அதன்படி முதலாமவருக்கு மணிக்கு 0.83, இரண்டாமவருக்கு 2.83, மூன்றாமவருக்கு 2.67 எனக் கிடைக்கும். பின்னிருவரும் ஏறத்தாழ ஒரே பழக்கமுடையவர் என்பது இப்போது புலனாகின்றது.

நான்காமவரின் வீதமும் 2.83 ஆகும். ஆனால் அவர் ஒரே மூச்சில் 3 மணிநேரத்துக்கும் மேலாக அமர்ந்திருந்துள்ளார். வீதமும் சராசரியும் இதனை மறைத்துவிடுகின்றன. இதற்குத் தீர்வாக செபாஸ்டியன் சாஸ்டின், மால்கம் கிரானட் ஆகியோர் 2010 இல் தொடர்களின் பரவலை ஆராயும் முறைகளை எடுத்துரைத்தனர். மொத்த உட்கார்வு நேரத்தின் பாதி எந்த நீளத்துக்குச் சமமான அல்லது அதனினும் நீண்ட தொடர்களில் சேர்கின்றது எனக் காண்பது அவற்றையொட்டிய ஓர் அளவாகும். இரண்டாமவருக்கு இவ்வளவு 20 நிமிடம். நான்காமவருக்கு 190 நிமிடம். எனவே மொத்த நேரம், இடைவேளை வீதம், தொடர்நீளத்தின் பரவல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறும் அறிக்கையே முழுமையானது எனலாம்.

அளவீட்டில் நேரும் பிழைகள்

கருவியின் தரவைத் தூய்மைப்படுத்தும் விதிகளும் முடிவை மாற்றுகின்றன. கருவி கழற்றி வைக்கப்பட்ட நேரத்தைக் கண்டறிய, தொடர்ந்து சுழியம் பதிவான நிமிடங்கள் நீக்கப்படுவது வழக்கம். 60 நிமிடம் தொடர்ந்து சுழியம் இருந்தால் நீக்குவது ஒரு விதி. 20 நிமிடம் இருந்தாலே நீக்குவது மற்றொரு விதி. இரண்டாவது விதியைக் கையாண்டால், மேசையில் அசையாமல் அமர்ந்திருந்த நீண்ட தொடர்களே, அதாவது ஆய்வு தேடும் பொருளே, கருவி அணியாத நேரம் எனத் தவறாக நீக்கப்படக்கூடும்.

பதிவின் கால அலகும் முக்கியமானது. 15 நொடிக்கு ஒருமுறை தொகுத்தால் 60 நொடிக்கு ஒருமுறை தொகுப்பதை விட அதிக இடைவேளைகள் தென்படும். வேறுபட்ட அலகுகளைக் கையாண்ட இரு ஆய்வுகளின் எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. பொதுவாக 7 நாட்கள் கருவி அணியப்பட்டு, நாளொன்றுக்கு 10 மணிநேரமேனும் பதிவுள்ள நாட்கள் மட்டும் ஏற்கப்படுகின்றன. அலுவலக நேரத்தைப் பிரித்தறியப் பணியாளர் வருகை, புறப்பாடு ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதுகின்றனர். தாம் அளவிடப்படுகிறோம் என்னும் அறிவாலேயே முதல் நாட்களில் சிலர் வழக்கத்தை விட அதிகமாக எழுவதும் உண்டு.

உடல்நல விளைவுகள்

ஆய்வகச் சோதனைகளுள் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது, ஆத்திரேலியாவின் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012 இல் வெளியிட்டதாகும். உடல் எடை மிகுந்த 19 பேர் இனிப்பும் கொழுப்பும் கலந்த பானத்தை அருந்தியபின் 5 மணிநேரம் அமர்ந்திருந்தனர். 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 2 நிமிடம் மெதுவாக நடந்த நாளில், தொடர்ந்து அமர்ந்திருந்த நாளைக் காட்டிலும் இரத்தக் குளுக்கோசின் ஏற்றம் ஏறத்தாழ 24 விழுக்காடும், சற்று விரைவாக நடந்த நாளில் ஏறத்தாழ 30 விழுக்காடும் குறைந்தது. தசைகள் சுருங்கி விரியும்போது அவை இரத்தத்திலிருந்து குளுக்கோசை எடுத்துக்கொள்கின்றன. இதற்கு இன்சுலின் மிகத் தேவைப்படுவதில்லை என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கமாகும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் முதியோரிடம் நடத்தி 2020 இல் வெளியிட்ட சோதனையில், 30 நிமிடங்களுக்கு ஒருமுறை 5 நிமிட மென்னடை, ஐரோப்பிய வழியினரை விடத் தெற்காசிய வழியினரிடம் இன்சுலின் அளவைக் கூடுதலாகக் குறைத்தது. நீரிழிவு நோய் மிகுந்துள்ள தெற்காசியாவுக்கு இம்முடிவு குறிப்பிடத்தக்கது.

வெறுமனே எழுந்து நிற்பதன் பயன் சிறியது. அமர்வதை விட நிற்பதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.15 கிலோகலோரி மட்டுமே கூடுதலாகச் செலவாகின்றது என 2018 இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. இது மணிக்கு 9 கிலோகலோரி ஆகும். எனவே இடைவேளையில் நடப்பதே சிறந்தது.

சோதனைகள் பெரும்பாலும் சில மணிநேரம் அல்லது சில நாட்கள் நீடித்தவை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான ஆய்வு, நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலியக்கம் உடையோரிடம் நீண்ட உட்கார்வோடு தொடர்புடைய கூடுதல் இறப்பு ஆபத்து காணப்படவில்லை எனத் தெரிவித்தது. உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உட்கார்வைக் குறைத்து எந்த அளவிலான உடலியக்கத்தையேனும் மேற்கொள்ளுமாறு கூறுகின்றது. ஆயினும் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும் என எண்ணால் வரையறுக்கவில்லை. அதற்குச் சான்று போதாது என்பது அதன் நிலைப்பாடு.

இந்தியாவில்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி மக்கள் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக 2023 இல் மதிப்பிட்டது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த இவ்வாய்வின் முதற்கட்டம் தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்டு, சண்டிகர் ஆகிய இடங்களில் நடைபெற்றது. அதன் உடலியக்க முடிவுகள் 2014 இல் வெளிவந்தன. ஆராயப்பட்ட 14,227 பேரில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்.

இதற்குப் பயன்பட்டது உலக சுகாதார அமைப்பின் வினாக்கொத்தாகும். அதன் 16 வினாக்களில் கடைசி வினா மட்டுமே உட்கார்வைப் பற்றியது. நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் அமர்கிறீர் எனக் கேட்கும் அது, எத்தனை முறை எழுகிறீர் எனக் கேட்பதில்லை. மேலே கண்ட எடுத்துக்காட்டின் முதலாமவரும் இரண்டாமவரும் அதில் ஒரே விடையைத்தான் தருவர். இந்தியச் சூழலுக்கு ஏற்ற தனி உடலியக்க வினாக்கொத்து ஒன்றைச் சென்னை நிறுவனம் முடுக்கமானிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து 2015 இல் வெளியிட்டது.

அமர்ந்து பணிபுரிவோரின் வாழ்முறையை மாற்றுவது பயன் தரும் என்பதற்கும் இந்தியச் சான்று உண்டு. நீரிழிவு நோய்க்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரிடம் சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. உடலுழைப்பு அற்றோர் நாள்தோறும் 30 நிமிடமேனும் விரைந்து நடக்குமாறும், உணவைச் சீராக்குமாறும் அறிவுறுத்தப்பட்டனர். வாழ்முறை மாற்றம் மேற்கொண்ட பிரிவில் நீரிழிவு நோய் ஏற்படும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது.

நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம், பணியிடத்தில் செய்யத்தக்க 5 நிமிட யோகா இடைவேளைக்கான செயலியை 2021 செப்டம்பரில் வெளியிட்டது. 2023 இல் நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வடிவமும் அறிமுகப்படுத்தப்பட்டது. பின்னது மன இறுக்கத்தைத் தணிக்க உதவலாம். ஆனால் தொடைச் சாய்வுமானி அதை உட்கார்வாகவே பதிவு செய்யும்.

சட்டங்கள்

இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் ஓய்வு இடைவேளையை நெடுங்காலமாக வரையறுத்து வந்துள்ளன. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 5 மணிநேர வேலைக்குள் அரை மணிநேர ஓய்வு அளிக்க வேண்டும் என விதித்தது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வசதி தர வேண்டும் எனவும் அதே சட்டம் கூறியது.

கடைகளில் பணிபுரிவோருக்கு அவ்வுரிமை மிகவும் பிந்தியே கிடைத்தது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண் பணியாளர்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவாகக் கேரளம் 2018 இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு, 1947 ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவை 2021 இல் சேர்த்தது. பணியாளர் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலையைத் தவிர்க்க, ஒவ்வொரு நிறுவனமும் தக்க இருக்கை வசதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரமாகும்.

இச்சட்டங்கள் அமர முடியாதோரைப் பற்றியவை. உட்கார்வு இடைவேளை அளவீடோ எழாதோரைப் பற்றியது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் உடலியல் நோக்கில் கோரிக்கை ஒன்றே. எந்த ஒரு நிலையிலும் மணிக்கணக்காக நீடிக்கக் கட்டாயப்படுத்தப்படாமல் இருப்பதே அது. நீண்ட நேரம் நிற்பதும் கால் வீக்கம், கீழ்முதுகு வலி முதலியவற்றோடு தொடர்புடையது. அமர்ந்து எழும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் சாய்வுமானி, இரு தரப்பினருக்கும் பயன்படத்தக்கது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கான 1990 ஆம் ஆண்டின் பணிப்புரை, கணினித் திரையில் வேலை செய்வோருக்கு அவ்வப்போது இடைவேளையோ வேலை மாற்றமோ தரப்பட வேண்டும் என்கின்றது.

மலைப்பகுதிகளில் அளவீடு

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில் அமைந்த கூடலூர் போன்ற மலை நகரங்களில் இவ்வளவீட்டுக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் தனியார் தோட்டங்களோடு தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களும் உள்ளன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்கும் நோக்குடன் அமைந்த இக்கழகம் 1976 இல் உருவாக்கப்பட்டது. ஒரே தோட்டத்தில் சரிவில் நின்று கொழுந்து பறிப்போரும், தொழிற்சாலையில் இயந்திரங்களை இயக்குவோரும், அலுவலகத்தில் கணக்கு எழுதுவோரும் பணிபுரிகின்றனர். சணல் ஆலையில் மேயர் கண்டது போன்று, ஒரே இடத்தில் பல தொழில்நிலைகளை ஒப்பிட இவ்வமைப்பு ஏற்றதாகும்.

இடுப்பு முடுக்கமானி மேட்டில் ஏறுவதற்கும் சமதரையில் நடப்பதற்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டை அறியாது. எனவே மலைச்சரிவில் நடப்போரின் உழைப்பு அதில் குறைத்துக் காட்டப்படும். சரிவில் ஒரே இடத்தில் நின்று பறிப்போர் அசைவற்றவராகவே பதிவாகவும் கூடும். அலுவலக எழுத்தரையும் கொழுந்து பறிப்பவரையும் ஒரே கருவியால் ஒப்பிடுவோர் தொடைச் சாய்வுமானியைப் பயன்படுத்துவது நல்லது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் சூன் முதல் ஆகத்து வரையிலான மாதங்களில் எடுத்த 7 நாள் பதிவு, வறண்ட மாதங்களின் நிலையைக் காட்டாது. ஆகவே ஒரே பணியாளரை இரு பருவங்களிலும் அளவிட வேண்டும்.

தனியுரிமை

இடைவேளைகளை எண்ணும் கருவி, பணியாளர் இருக்கையில் இல்லாத நேரத்தையும் எண்ணுகின்றது. நலம் கருதித் தொகுத்த தரவு கண்காணிப்புக்கும் பயன்படலாம் என்பதே இதன் ஆபத்தாகும். பிரித்தானிய நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் மேசைகளின் அடியில் பொருத்தப்பட்ட உணரிகள், செய்தியாளர்களின் எதிர்ப்பால் 2016 சனவரியில் அதே நாளில் அகற்றப்பட்டன. அடிக்கடி எழுபவர் சோம்பேறி என மதிப்பிடப்படுவார் என்ற அச்சம் இருப்பின், எவரும் எழமாட்டார். அளவீடு தான் காக்க வந்த பழக்கத்தையே அழித்துவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல், மேலதிகாரிக்குக் கட்டுப்பட்ட பணியாளர்களைச் சிறப்புப் பாதுகாப்புத் தேவைப்படுவோராகக் கருதுகின்றது. தன்விருப்ப இசைவு, தனிநபர் தரவை நிருவாகத்துக்கு அளிக்காமை, குழுச் சராசரியை மட்டும் வெளியிடல், விலகும் உரிமை ஆகியவை பணியிட அளவீட்டின் அடிப்படை நெறிகளாகும்.

அளவீட்டின் பயன்

அளவீடு தானே எவரையும் எழுப்புவதில்லை. மெல்பேர்ண் நகரில் 14 பணியிடங்களைச் சேர்ந்த 231 பணியாளர்களிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2016 இல் வெளியாயின. உயரத்தை மாற்றக்கூடிய மேசை, தனிப்பட்ட ஆலோசனை, நிருவாகத்தின் ஆதரவு ஆகியவை சேர்த்து வழங்கப்பட்டன. ஒப்பீட்டுக் குழுவினரைக் காட்டிலும் 8 மணிநேரப் பணியில் உட்கார்வு நேரம் 3 ஆம் மாத முடிவில் ஏறத்தாழ 99 நிமிடமும், 12 ஆம் மாத முடிவில் 45 நிமிடமும் குறைவாக இருந்தது. தொடைச் சாய்வுமானியால் ஓராண்டு கழித்து மீண்டும் அளந்ததனாலேயே, தொடக்கத்தில் கிட்டிய பயனின் பாதிக்கு மேல் தேய்ந்துபோனது தெரியவந்தது.

கருவிகள் இல்லாத சிறிய அலுவலகங்களிலும் எளிய மாற்றங்கள் கைகொடுக்கும். அச்சுப்பொறியையும் குடிநீர்க் குடத்தையும் மேசையிலிருந்து தள்ளி வைத்தல், அடுத்த அறையில் உள்ளவரிடம் தொலைபேசியில் பேசாமல் நேரில் சென்று பேசுதல், கூட்டங்களின் நடுவே எழுந்து நிற்க இசைதல் முதலியவை அவற்றுள் சில. இவை எழும் தடவைகளைக் கூட்டுவதோடு, மிக நீண்ட உட்கார்வுத் தொடர்களையும் முறிக்கின்றன.